ஏழாம் பகுதியில் மேகம் இல்லை

காலை எட்டரைக்குப் படம் வந்துவிடும். அதற்கு முன்பே கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஐந்து நிமிடம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வருடமாக இதே நாற்காலி, இதே சொட்டு மருந்து. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் தூத்துக்குடிக் கரையைப் பார்க்கிறது. அது பார்த்ததை நான் பார்த்து, மேகம் இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதுகிறேன். இதற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் சிரிப்பார்கள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வெயிலில் வேலை செய்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்த அந்தக் கோடைக்குப் பிறகுதான் வெயில் விடுப்புச் சட்டம் வந்தது. கூடவே எங்கள் வாரியமும் வந்தது. தினமும் காலை ஒன்பதேகாலுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கொடி. சிவப்பு விழுந்தால் பத்து மணிக்குள் வேலையை நிறுத்தி, முழுச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பச்சை என்றால் மாலை நாலு மணிவரை வேலை. முதல் வருடம் நிஜமாகவே துணிக்கொடி ஏற்றினார்கள். இப்போது கம்பத்தின் உச்சியில் ஒரு விளக்குதான் எரிகிறது. ஆனாலும் எல்லோர் வாயிலும் கொடிதான்.

சட்டத்தில் இரண்டே இரண்டு கேள்விகள். அந்தப் பகுதியின் வானத்தில் பாதிக்கு மேல் மேகம் இருக்கிறதா? இருந்தால் பச்சை, அதுதான் மேகம் மூடியிருக்கிறதே, வேலை செய்யட்டும். மேகம் இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: வெப்பம் எவ்வளவு? நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் சிவப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஐப்பசி மாதத்து மழை மேகம். பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, வெறும் பனித்துகளாக, வானம் லேசாக வெளுத்தது போல மட்டும் கிடக்கிற கீற்று மேகத்தை அவர்கள் யோசிக்கவே இல்லை. அது வெயிலை மறைக்காது. பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். தரையிலிருந்து மேலே போகிற சூட்டைத்தான் போகவிடாமல் பிடித்து வைக்கும். ஆனால் அதுவும் மேகம்தான். மேகம் என்றால் பச்சை.

ஆரம்பத்தில் இதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. கணினிக்கு அந்த மேகம் தெரியாது. தெரியாததால் வானம் தெளிவு என்று எழுதிவிட்டு வெப்பத்தைப் பார்க்கும், சிவப்பு விழும், ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். அதைக் கெடுத்தவள் நான்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் அந்த மேகத்தைப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தேன். சென்னையில் மேடைக்கு அழைத்து ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மைனி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி, மாரிச்செல்வி. அண்ணன் தவறிப்போன பிறகு முத்தையாபுரத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மைனிக்குப் பதினாறு வயதிலிருந்து உப்பளத்தில் வேலை.

"அப்பிடி என்னத்தப் பிள்ள கண்டுபிடிச்ச மலரு?" என்று கேட்டாள்.

"செயற்கைக்கோளு ஒரே எடத்த ரெண்டு விதமாப் படம் எடுக்கும் மைனி. ரெண்டும் சூட்டப் பாக்குற படம். வெறுந்தரைன்னா ரெண்டுலயும் ஏறக்கொறைய ஒரே சூடு. நடுவுல லேசா பனி மேகம் இருந்துச்சுன்னா ஒண்ணுல மட்டும் கொஞ்சம் கொறச்சலாக் காட்டும். ஒண்ணுலருந்து இன்னொண்ணக் கழிச்சா மிச்சம் நிக்குறதுதான் மேகம்."

"கழிக்கத்தான் கம்ப்யூட்டர் இருக்குல்லா?"

"அது கழிக்கும். ஆனா நம்ம கரையில கடக்காத்து ஈரம் வேற, உப்பு வெள்ளை வேற. எது ஈரம், எது மேகம்னு அதுக்குப் பிடிபடல. எனக்குத் தெரியுது. ஈரம்னா ஒரே சீரா மங்கிக்கிட்டே போவும். மேகம் சீப்பு வச்சு வாருனாப்புல கோடு கோடா நிக்கும்."

"வாருன தலை மாதிரி மேகம். அதுக்கு ஒரு மெடலு!" என்று சிரித்துவிட்டு, பதக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். மறுநாள் அளத்தில் வேலை செய்கிற அத்தனை பேரிடமும் சொல்லியும் விட்டாள்.

அடுத்த கோடையில் எங்கள் கரையில் மட்டும் நாற்பது நாட்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. வெயில் ஒரு பொட்டும் குறையவில்லை. என் கண் கூர்மையானதுதான் காரணம். நான் எவ்வளவு நன்றாகப் பார்த்தேனோ அவ்வளவு நேரம் அவர்கள் வெயிலில் நின்றார்கள். மூன்று முறை தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன், இந்த மேகம் நிழல் தராது, தயவுசெய்து விதியைத் திருத்துங்கள் என்று. மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. சட்டத்தில் மேகம் என்றுதான் இருக்கிறது, எவ்வளவு தடிமன் என்று குறிப்பிடப்படவில்லை. நான்காவது கடிதம் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பச்சை நாளில் மைனி உப்புப் பாத்திக்குள் விழுந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எந்திரத்தில்தான் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார். மைனியை வேலையை விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன்.

"வீட்டுல உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா? ஒங்க அண்ணன் போனப்பவும் நான் உக்காரல" என்றாள்.

பச்சை நாளாகப் பார்த்து வீட்டிலிருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒழிய, ஒரு வருடத்தில் மூன்று பச்சை நாட்கள் வராதவர்களின் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பாத்தியை எந்திரத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். எப்போதடா எடுக்கலாம் என்று அளத்துக்காரர்கள் காத்திருந்தார்கள்.

இந்த மார்ச் மாதம் பதினோராம் தேதி நான் முதல் தடவையாகப் பொய் எழுதினேன். என் பொறுப்பில் பதினோரு பகுதிகள். மைனி வேலை செய்கிற அளம் ஏழாம் பகுதி. அன்று படத்தில் கரை முழுவதும் கோடு கோடாக மேகம். மற்ற பத்துக்கும் 'மேகம் உண்டு' என்று எழுதினேன். ஏழுக்கு வந்ததும் கை நின்றது. 'ஏழாம் பகுதியில் மேகம் இல்லை' என்று எழுதிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒன்பதேகாலுக்கு ஏழில் சிவப்பு விழுந்தது. அளத்தில் இருந்த வெப்பமானி நாற்பத்து மூன்று காட்டியிருந்தது.

அப்படி மே மாதம் நடுப்பகுதிவரை இருபத்திரண்டு நாட்கள். பதினோரு பகுதியிலும் மேகத்தை அழித்தால் ஒரே வாரத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால் ஒன்றை மட்டும் அழித்தேன். மற்ற பத்துப் பகுதிகளிலும் மைனிகள் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் அவர்களுக்கு உண்மையை எழுதினேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது, பிறகு பசி வந்தால் இறங்கும்.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மைனி மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. முகத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கும் பொழுதுக்கு வட்டம் கட்டியிருந்துச்சு பிள்ள."

"அண்ணாந்து பாத்தீயளா? கண்ணு என்னத்துக்கு ஆவும்?"

"அண்ணாந்து எவ பாப்பா? பாத்தித் தண்ணியில குனிஞ்சா தெரியுதுல்லா, பொழுதச் சுத்தி வளையம் மாதிரி. பக்கத்துப் பாத்தி சந்தனக்கனி சொல்லுதா, வட்டம் கட்டுனா அன்னைக்குச் செவப்புன்னு. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. வட்டம் என்னத்தக் கண்டுச்சு, எங்க மலரு பாத்துல்லா போடுதான்னேன்."

கீற்று மேகத்தின் பனித்துகள் வழியாக வெயில் வந்தால் சூரியனைச் சுற்றி அப்படி வளையம் விழும். நான் ஆறு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்ததை அவர்கள் உப்புத் தண்ணீரில் குனிந்தே பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. காப்பியை வாங்கிக்கொண்டேன்.

மைனியிடம் ஏன் சொல்லவில்லை? சொந்தக்காரர்கள் வேலை செய்கிற பகுதியை நாங்கள் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மறைத்துத்தான் ஏழாம் பகுதியை வைத்திருந்தேன். மைனி வாயில் எதுவும் தங்காது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். பொன்மலர் பார்த்துப் போட்டால் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் போய் நான் பொய் எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் உண்மைக் காரணம்.

மே பதினாறாம் தேதி சென்னையிலிருந்து தணிக்கைப் பிரிவின் கிருபாகரன் சார் கூப்பிட்டார். மென்மையாகப் பேசுகிற மனிதர். திரையில் அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு செடி இருக்கும்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மார்ச்லேர்ந்து ஏழாம் பகுதில மட்டும் உங்க மேக எண்ணிக்கை கொறஞ்சிருக்கு. பக்கத்துல ஆறுலயும் எட்டுலயும் இருக்கற மேகம் நடுவுல மட்டும் எப்படி விட்டுப்போகுது?"

"உப்பு வெள்ளை சார். கோடைல ரொம்ப பளபளக்குது. மேகத்தையும் அதையும் பிரிச்சுப் பாக்க கஷ்டமா இருக்கு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

"கண் டாக்டர பாருங்க மேடம். உங்கள மாதிரி பாக்கறவங்க வேற யாரும் இல்ல நம்மகிட்ட."

அவர் அதை நிஜமான அக்கறையோடு சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபப்படுகிற அளவுக்கு அவர் எதுவும் செய்யவில்லை என்பதும் தெரிந்தது.

மே இருபது. காற்று செத்துக் கிடந்தது. அலுவலகத்துக்கு வரும் வழியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. படத்தில் கரை நெடுகக் கீற்று மேகம். மெல்லியது, மிக மெல்லியது, என்னைத் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாதது. பத்துக்கு உண்டு என்றும் ஏழுக்கு இல்லை என்றும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். கை இப்போதெல்லாம் நிற்பதில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது ஒன்பது இருபது. பதினோரு பகுதியும் பச்சை. ஏழும் பச்சை.

திரை இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று நினைத்து இரண்டு தடவை தட்டினேன். பச்சைதான். மாடிப்படி ஏறி வெப்பப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஆல்பர்ட் அண்ணாச்சி ஒருவர்தான் வேலை பார்க்கிறார். ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். எதற்கும் பதறாத மனிதர்.

"அண்ணாச்சி, ஏழுல ஏன் பச்சை?"

"முப்பத்தொம்பது டிகிரிம்மா. பச்சைதான."

"முப்பத்தொம்பதா? நேத்து நாப்பத்து நாலு. வெப்பமானி என்ன காட்டுது?"

"வெப்பமானி எங்க இருக்கு? உப்புக்காத்துல அரிச்சுப்போயி பதினஞ்சு நாளாச்சு. பக்கத்துப் பகுதி வெப்பமானிய வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். புதுசு கேட்டதுக்கு, மேலருந்துதான் பாக்குதே, தனியா எதுக்கு வெப்பமானின்னு நேத்து சாயங்காலம் உத்தரவு வந்துட்டு. இன்னையிலருந்து ஏழுக்குச் செயற்கைக்கோளு காட்டுற சூடுதான்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?"

"வானம் தெளிவா இல்லன்னா அது என்ன சூடு காட்டும் அண்ணாச்சி?"

"ஒனக்குத் தெரியாததா? நடுவுல மேகம் இருந்தா தரைச் சூட்டோட மேகத்துக் குளிரும் கலந்துல்லா வரும். கொறச்சுக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத மேகம்னாகூட நாலஞ்சு டிகிரிய முழுங்கிரும். அதனாலதான ஒன் எழுத்தப் பாத்துட்டு எடுக்கணும்னு வச்சிருக்காங்க. நீ இல்லன்னு எழுதியிருக்க. நான் முப்பத்தொம்பத எடுத்துட்டேன்."

"அண்ணாச்சி, மேகம் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப வந்துச்சா?"

"காலையிலருந்தே இருக்கு. எனக்குத் தெரிஞ்சுதான் இல்லன்னு எழுதுனேன்."

எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைனி, டாக்டர் சொன்னது, இருபத்திரண்டு நாட்கள்.

"இப்ப மேகம் உண்டுன்னு திருத்தட்டுமா?" என்றேன்.

"திருத்துனா மொதக் கேள்விலயே பச்சை. திருத்தலன்னா ரெண்டாங்கேள்வில பச்சை." கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "நீ என்ன எழுதுனாலும் இன்னைக்கு ஏழுக்குச் செவப்பு கெடையாதும்மா."

கொடியை மாற்றும் அதிகாரம் சென்னைக்கு மட்டும்தான். கிருபாகரன் சாரைக் கூப்பிட்டு, மேகம் இருக்கிறது, வெப்பம் நாற்பத்து நாலு இருக்கும், தயவுசெய்து சிவப்பு போடுங்கள் என்று கெஞ்சினேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். "மேடம், இத நீங்க எழுத்துல அனுப்பணும். வாய்மொழியா நான் கொடிய மாத்த முடியாது" என்றார். எழுதினேன். மூன்றாவது வரியில் தட்டச்சு தப்பாகவே வந்துகொண்டிருந்தது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன், மேலதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அண்ணாச்சி தன் கைபேசியில் அளத்துக் கங்காணியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மைனியின் கைபேசியும் அடித்தது. அளத்துக்குள் இறங்கும்போது எல்லோருடைய கைபேசியையும் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்துவிடுவார்கள்.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன். காலையில் முதல் வேலையாகக் கிளம்பியிருக்க வேண்டும். ஒன்பது வருடம் எல்லாவற்றையும் திரையிலேயே முடித்துப் பழகிவிட்டதால் நேரில் போவது என்று ஒன்று இருப்பதே உடனே தோன்றவில்லை.

அளத்தில் இறங்கியபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை. கம்பத்தின் உச்சியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பாத்திகளில் ஒரு ஆள்கூட இல்லை. உப்பு வாரும் பலகைகள் வரப்பில் கிடந்தன. அந்தக் கோடியில் ஓலைக் கொட்டகைக்குள் பெண்கள் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. கொட்டகையை நோக்கி நடந்துகொண்டே முகங்களைப் பார்த்தேன்.

பதினான்கு பேர் இருந்தார்கள். மைனி இல்லை.

சந்தனக்கனி எழுந்து வந்தாள். மைனியோடு பக்கத்துப் பாத்தியில் இருபது வருடமாக வேலை செய்கிறவள்.

"வந்துட்டியா தாயீ. கங்காணி ஒனக்குத்தான் போன் போட்டுக்கிட்டே இருந்தாரு, யாரோடயோ பேசிக்கிட்டே இருந்த."

"மைனி எங்க?"

"பத்தரைக்கு விழுந்துட்டா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு. பேச்சு மூச்சு இருந்துச்சு தாயீ, பயப்படாத."

"நீங்கல்லாம்..." எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "பச்சை எரியுது. நீங்க ஏன் எறங்கல?"

"எப்பிடி எறங்குவோம்? காலையிலயே பாத்தித் தண்ணியில வட்டம் தெரிஞ்சிட்டு. இந்த ரெண்டு மாசமா வட்டம் கட்டுன அன்னைக்கெல்லாம் செவப்புத்தான விழுந்திருக்கு? ஒரு நாளு தப்பலையே. இன்னைக்குப் பச்சை எரியவும், இது என்னமோ கோளாறு, லைட்டு மாறி எரியுதுன்னு எல்லாரும் உக்காந்துட்டோம். கங்காணி எம்புட்டோ சத்தம் போட்டாரு. வரலைன்னு எழுதுனா எழுதிக்கிடுங்கன்னுட்டோம்."

"மைனி மட்டும்..."

சந்தனக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"கையப் புடிச்சு இழுத்தேன் தாயீ. எறங்காதட்டி, வட்டம் கட்டியிருக்குன்னேன். சும்மா போட்டி, வட்டத்துக்கு என்ன தெரியும், எங்க மலரு பாக்காமயா போட்டிருப்பான்னு சொல்லிட்டுப் பலகையத் தூக்கிக்கிட்டு அவா ஒருத்திதான் எறங்கினா."

வரப்பில் அப்படியே உட்கார்ந்தேன். பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் சூரியன் தெரிந்தது. அதைச் சுற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது போல, பெரிய வட்டம் ஒன்று இருந்தது.

மைனிக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் எந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இனி வாரத்துக்கு மூன்று தடவை வர வேண்டும் என்றார் டாக்டர், எத்தனை காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று காலை வார்டுக்கு வெளியே நிற்கும்போது கிருபாகரன் சார் கூப்பிட்டார்.

"உங்க கடிதத்த குழு பாத்துட்டாங்க மேடம். பதினோரு பகுதியும் சேத்துக் கணக்குப் பண்ணிப் பாத்ததுல நீங்க தவறவிட்டது நூத்துக்கு மூணுகூட வரல. எட்டு வரைக்கும் அனுமதிக்கப்பட்ட பிழைதான். அதனால நடவடிக்கை எதுவும் வேண்டாம்னு முடிவாயிருக்கு."

"சார், நான் தவறவிடல. வேணும்னே அழிச்சேன்னு எழுதியிருக்கேன்."

"மன உளைச்சல்ல எழுதினதா எடுத்துக்கிட்டாங்க. கண்ணுக்கு ரெண்டு வாரம் விடுப்பு குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"விதி?"

"அது சட்டம் மேடம். நம்ம கையில இல்ல." பிறகு, "வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். பாத்துக்கங்க" என்றார்.

கொட்டகையில் உட்கார்ந்த பதினான்கு பேருக்கும் ஒரு பச்சை நாள் வராத கணக்கு எழுதப்பட்டது என்று சந்தனக்கனி வந்தபோது சொன்னாள். பெயரை எடுக்க இன்னும் இரண்டு பாக்கி என்றாள். மற்ற அளங்களுக்கும் வட்டத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். அவள் போன பிறகு நான் மைனியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"ஒன்ன யாரும் ஏசலையே பிள்ள? லைட்டு கோளாறுன்னாளுவ. நீ பாத்துத்தான் போட்டிருப்பன்னு நான் சொல்லிட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன். மார்ச் பதினொன்றிலிருந்து கடைசி நாள்வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்கு விளங்கும்படி, படங்கள், வெப்பமானி, அண்ணாச்சி, எல்லாம். மைனி கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அந்த வட்டம் கட்டுன நாளு பூரா..."

"நாந்தான் மைனி."

"எனக்காகவா?"

"ஆமா."

"அந்த நாளெல்லாம் நல்லாத் தூங்குனேன் பிள்ள" என்றாள். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் அவளுவளோட உக்காந்திருப்பேன்லா?"

மைனி தண்ணீர் கேட்டாள். அரை டம்ளருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அரை டம்ளர் ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பது போல டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.